ஓட்டை போடாத டின்

போன வாரம் நம் மாடித் தோட்டக் குழுவில் ஒருத்தி கேள்வி போட்டிருந்தாள். செடி வைக்க எது நல்லது, சிமெண்டுத் தொட்டியா, மண் தொட்டியா, பிளாஸ்டிக் பையா? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பதில்கள் கொட்டின. பேரன் பேத்தி படம் போட்டால்கூட இத்தனை பேர் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருத்தி தன் மாடியில் அடுக்கிய பச்சைப் பைகளைப் படம் எடுத்துப் போட்டாள். இன்னொருத்தி பழைய வாஷிங் மெஷினின் வயிற்றைக் கழற்றி அதில் முருங்கை வைத்திருந்தாள். சின்ன வயதில் களையெடுக்கக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவர்கள்தானே நாமெல்லாம். இப்போது மண்ணின் மேல் வந்திருக்கும் பாசத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நானும் பதில் எழுத உட்கார்ந்தேன். எதில் வேண்டுமானாலும் வையுங்கள், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்று ஒரு வரி எழுதினேன். அதை அனுப்ப விரல் வரவில்லை. அழித்துவிட்டேன். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, ஆடி தொடங்கி கார்த்திகை வரைக்கும் நடந்த ஒரு கதை அந்த வரிக்கு அடியில் கிடக்கிறது. குழுவில் போட்டால் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நாம் என்ன அடுப்பில் பாலா வைத்திருக்கிறோம்.

அப்போது நாங்கள் அரியலூரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஐந்து வீடு, ஒரே கூரை, பின்னால் பொதுவாக ஒரு முற்றம். முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா, ஐந்து வீட்டுக்கும் சொந்தக்காரர். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வேலை முடிந்து வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். முகம் கழுவினால்தான் அவர் வயது தெரியும். லாரிகள் போகப் போகத் தெருவும் வெள்ளை, வேலியும் வெள்ளை, கொடியில் காயும் துணியும் வெள்ளை. காலையில் கண் விழித்துக் கதவைத் திறந்தால், யாரோ ஊர் முழுக்க மாவு சலித்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். அந்த வெள்ளையில் முதல் காலடி வைக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முற்றத்தில் ஒரு செடி நட முடியாது. ஒரு சாண் தோண்டினால் சுக்கான் பாறை வந்துவிடும். கடப்பாறை பட்டால் பொறி பறக்கும். தப்பித் தவறி ஏதாவது முளைத்தாலும் வேர் கீழே போக வழியில்லாமல் இலை வெளுத்து நிற்கும். அம்மா ஆண்டிமடம் பக்கத்துப் பெண். முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் நடந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது தரையா, இல்ல வறுத்த ஓடா?" என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

அதனால் அவள் தோட்டம் முழுவதும் ஏனங்களில்தான் இருந்தது. அடி போன இட்லிப் பானையில் புதினா. விரிசல் விட்ட குடத்தைப் பாதியாக அறுத்து, மேல்பாதியைக் கவிழ்த்து வைத்து அதில் தூதுவளை. எண்ணெய் டின்னில் கத்தரி. அப்பா கொண்டுவந்த லாரி டயரில் கீரை. ஒரு பழைய இரும்புப் பெட்டியின் மூடியில்கூட வெந்தயம் முளைத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் ஓட்டையானால் அம்மாவின் முகத்தில் வருத்தமே தெரியாது. அதில் எந்தச் செடிக்கு இடம் ஆச்சு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள். பருத்தி பயிரிடும் ஒருவர் நல்ல கெட்டியான டின் இரண்டு தருவதாகச் சொன்னார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூச்சிமருந்து டின். "நூறு தடவ கழுவுனாலும் அது மருந்து டின்னுதாங்க. திங்கிற பொருள அதுல வெக்க மாட்டேன்."

மண்தான் பெரிய பாடு. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வருகையில் ஒரு சாக்குச் செம்மண்ணோடு வருவாள். அந்த ஆடியிலும் அப்படித்தான். நானும் அவளும் ஆண்டிமடத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, முந்திரிக்கொட்டையா?"

"மண்ணுங்க."

"மண்ணா?"

"ஆமாங்க. செம்மண்ணு."

"ஏம்மா, அரியலூர்ல மண்ணே இல்லியா? ஊரே மண்ணு மேலதான நிக்கிது?"

"அது கல்லுங்க. நீங்க ஒரு செடி வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. வரதராஜன்பேட்டையில் ஏறிய ஒரு கிழவர் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஜெயங்கொண்டம் வரைக்கும் மண்ணில் உட்கார்ந்து வந்த பெருமையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரங்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அப்போது நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். மூட்டையைத் தூக்கக் கூடாது என்று கண்டக்டரே இறங்கி எடுத்துக் கொடுத்தார்.

முழுகாமல் இருந்ததில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். ஏழாம் மாதம் போனதை நான் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் வீட்டில் பேசுவதில்லை. தலைப்பிள்ளைக்குத்தான் வளைகாப்பு செய்வார்கள். ஆனாலும் இந்த முறை ஏழாம் மாதத்தில் அம்மாவுக்கு மறுபடியும் வளையல் அடுக்குவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் நாள் குறித்தாகிவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒருத்தர் இருந்தார். தையல் மெஷின் வைத்திருந்ததால் நான் தையல் சித்தி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மத்தியானம் சுவரில் காது வைத்துப் படுத்தால், தூரத்தில் ரயில் போவதுபோல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போவேன். கனவிலும் அந்த ரயில் போகும். சித்திக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. தெருவில் சிலர் காலையில் அவர் எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள். அவரும் அதைத் தெரிந்துகொண்டு, யாராவது வெளியே கிளம்பும் நேரத்தில் வாசலுக்கு வர மாட்டார். அம்மா மட்டும் வேண்டுமென்றே அவரைக் கூப்பிட்டு எதிரே வரச் சொல்லிவிட்டுத்தான் எங்காவது கிளம்புவாள்.

சித்தி திருமானூர்க்காரர். கொள்ளிடக்கரை வண்டல் மண்ணை அவரும் ஒரு பையில் கட்டிக்கொண்டு வருவார். ஆண்டிமடத்துச் செம்மண்ணையும் திருமானூர் வண்டலையும் முற்றத்தில் சாக்கு விரித்துக் கொட்டி, மக்கிய எருவையும் சேர்த்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிசறுவார்கள். சிவப்பும் கறுப்பும் கலந்து மெதுவாகப் பழுப்பாகும். கட்டியை உள்ளங்கையில் வைத்து நசுக்குவார்கள். பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

"அக்கா, உங்க மண்ணுல தண்ணி நிக்கிறதேயில்ல, ஊத்துனா ஓடிப் போவுது."

"உங்க மண்ணு குடிச்ச தண்ணிய விடவே மாட்டேங்குது. ரெண்டும் சேந்தாத்தான் செடி."

அப்படி ஒரு நாள் மண் பிசறும்போதுதான் அம்மா சொன்னாள். "ஐப்பசில மொத வளையல் நீதான் எனக்குப் போடணும். என் பக்கத்துலயே மணைய போட்டு உக்கார வெச்சு, உனக்கும் அடுக்கச் சொல்றேன். அடுத்த வருசம் உன் வூட்டுல நான் வந்து போடுவேன்."

சித்தி கையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை. "வேணாங்க்கா. வூட்டுக்காரம்மா ஏதாச்சும் சொல்லும்."

"அவங்க என்ன சொல்றது? வளையலு எனக்கு."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு பாவாடை தைக்க ஆரம்பித்தார். வளைகாப்பு அன்று நான் போட்டுக்கொள்ள.

சரி, ஏனங்களைத் தயார் செய்யும் வேலைக்கு வருகிறேன். அது என் வேலை. அம்மா குனியக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் அந்த வருடம் முழுவதும் என் கையில் வந்தது. முதலில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். புது மண்பானை என்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுவதைப் பானையே குடித்துவிடும். பிறகு ஓட்டை. அப்பாவின் லாரிப் பெட்டியிலிருந்து சுத்தியலும் நாலங்குல ஆணியும் எடுத்து, டின்னுக்குள் கைவிட்டு, உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் போகும், தண்ணீர் தடையில்லாமல் வடியும். வெளியிலிருந்து அடித்தால் பிசிறு உள்ளே நின்று ஒரு விரல்கடை தண்ணீரைத் தேக்கிவிடும். ஒரு டின்னுக்கு ஐந்து ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை மேலும் ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் மண். வாயிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டு நிறுத்த வேண்டும். கடைசியாக மூன்று செங்கல்மேல் தூக்கி வைத்தால் முடிந்தது. இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில்கூட இது வரும்.

அந்த ஆடியில் மாமா, அம்மாவின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து வந்தார். தைலம், குடை, சோப்பு எல்லாவற்றோடும் ஒரு பிஸ்கட் டின். பெரிய டின், இரண்டு கையால் கட்டிப் பிடித்தால்தான் தூக்க வரும். நீல நிறம். அந்த நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மழை விட்ட சாயங்காலம் மேற்கே கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகுமே, அது கிட்டத்தட்ட அந்த நிறம். டின்னைச் சுற்றிலும் படம். கூம்பு வைத்த ஒரு வீடு, புகை போகும் கூரை, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை. தரையெல்லாம் வெள்ளை. மரமெல்லாம் வெள்ளை. அந்த ஊரிலும் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிறது போலிருக்கிறது, அந்தப் பிள்ளையின் அப்பாவும் லாரிதான் ஓட்டுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பிஸ்கட் நான்கே நாளில் தீர்ந்தது. நான் காலி டின்னை விடவில்லை. மூடியைத் திறந்து உள்ளே முகத்தை வைத்தால் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த மணம், அதற்குள் என் மூச்சுச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு அந்த வெள்ளைத் தரையில் நடப்பேன். கால் வைத்தால் எங்கள் தெருவில் பதிவதுபோலவே பதியும். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து என்னவோ கேட்கும், எனக்குப் புரியாது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வருவேன்.

அப்போதுதான் சித்தி திருமானூரிலிருந்து ஒரு சாதிமல்லிப் பதியன் கொண்டுவந்தார். கொட்டாங்குச்சியில் வைத்து ஈரத்துணி சுற்றியிருந்தது. "வளைகாப்புக்குக் கடைப்பூ வேணாங்க்கா. நம்ம வூட்டுப் பூவே வெச்சுக்கலாம்" என்றார். நல்ல டின் ஒன்றும் மிச்சமில்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் மடியைப் பார்த்தாள்.

"அந்த நீல டின்ன எடுத்து ஓட்டை போட்டுக் கொண்டா."

"இதுவாம்மா?"

"வேற எது? சோறா ஆக்கப் போற அதுல?"

முற்றத்து மூலைக்குப் போனேன். டின்னுக்குள் ஆணியை வைத்தேன். அடிப்பக்கம் உள்ளே தங்கம்போல் மினுங்கிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. மல்லி பெரிதானால் எப்படியும் வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள், அப்போது கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆணியை டின்னிலிருந்து எடுத்து, பக்கத்தில் கிடந்த துருப்பிடித்த தகரத்தின்மேல் வைத்து அடித்தேன். டங், டங், டங். ஐந்து தடவை எண்ணி அடித்தேன். அம்மா உள்ளேயிருந்து "ஆச்சா?" என்றாள். "ஆச்சும்மா" என்றேன். அவள் வருவதற்குள் ஓட்டாஞ்சில்லுகளை அடுக்கி நாரைப் பரப்பிவிட்டேன்.

மல்லி பிழைத்துக்கொண்டது மட்டுமில்லை, ஆவணியில் கொடி ஓட ஆரம்பித்தது. கிழிந்த புடவையின் கரையைத் திரித்துக் கட்டிவிட்டோம். அது கூரை வரைக்கும் ஏறியது. இலைமேல் படியும் வெள்ளைத் தூசியை அம்மா ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல். புரட்டாசி கடைசியில் ஊசி ஊசியாக மொட்டு வந்தது. சித்தி பின்பக்கம் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"என்னா செழிப்பு அக்கா! வூடே பூத்துடும் போலிருக்கே!"

வீட்டுக்காரம்மா அப்போது கிணற்றடியில் இருந்தார். அவர் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. நீங்கள் எல்லோரும் நம் ஊர் ஐப்பசியை அறிவீர்கள், வந்தால் ஒரு வாரம் வெளியே தலை காட்டவிடாது. தெருவின் வெள்ளையெல்லாம் பாலாக ஓடியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியோடு நின்றுவிட்டாள். பின்பக்கம் போவது நான் மட்டும்தான். நீல டின்னில் மண்ணுக்கு மேல் தண்ணீர் நின்றது. டின்னைச் சாய்த்துக் கொட்டினேன். மறுநாளும் நின்றது. மறுபடி கொட்டினேன். மேலே நின்றதைத்தான் கொட்ட முடிந்தது, உள்ளே நின்றதை என்ன செய்வது? நான்காம் நாள் இலைகள் மஞ்சளாயின. மொட்டுகள் விரியாமலே கருகின. ஆணியை எடுத்துக்கொண்டு போய் இப்போதாவது அடித்துவிடலாம் என்று நின்றேன். அடித்தால் சத்தம் கேட்கும். இவ்வளவு நாள் இல்லாத ஓட்டை இப்போது எதற்கு என்று கேட்பார்கள். அம்மாவின் கை எனக்குத் தெரியும். பயந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மா பின்கதவுக்கு வந்து கொடியைப் பார்த்தாள். கூரையிலிருந்து கீழ் வரைக்கும் வாடித் தொங்கியது. அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. வீட்டுக்காரம்மா வந்து நின்றார்.

"நான் அன்னிக்கே நெனச்சேன். பிள்ளத்தாச்சி வூட்டுல பூக்குற கொடிய நின்னு பாத்து, வூடே பூத்துடும்னு சொன்னா பாரு. சொன்ன வாயும் பாத்த கண்ணும் சும்மா வுடுமா? ரெண்டு போனது போதாதா உனக்கு? அவள மணையில உக்கார வெக்கப் போறியாமே?"

எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசும் அம்மா அன்று தலையை மட்டும் ஆட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்காரம்மா சொன்னபடி கண்ணேறு போகக் கழிப்பு கழித்தார்கள். மிளகாய், உப்பு, கற்பூரம். கொடியை அவிழ்த்து இறக்கி, செடியை டின்னோடு தூக்கி அம்மாவை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அப்பாதான் கொண்டுபோனார். டின்னை முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது, தாண்டக்கூடக் கூடாது என்பது முறை. அதனால் அதன் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. என் திருட்டுத்தனத்துக்கு ஊர் வழக்கமே காவல் நின்றது.

வளைகாப்பு நடந்தது. ஆண்டிமடத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து வகைச் சாதம், மஞ்சள், சந்தனம், கடைப் பூ. முதல் வளையலை வீட்டுக்காரம்மா போட்டார். சித்தியைக் கூப்பிடவில்லை. வீடு முழுக்கப் பெண்கள் சிரிப்பும் பாட்டுமாக இருந்த அந்த நேரம் முழுவதும், சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன தைத்தாரோ. பாவாடை முந்தின நாளே வந்துவிட்டது. வாசலில் மடித்து வைத்திருந்தது. அதை நான் போட்டுக்கொள்ள அம்மா விடவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் சித்தியும் அவர் கணவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு திருமானூருக்கே போய்விட்டார்கள். ஒரு மாட்டு வண்டி, அதில் மெஷின், இரண்டு பெட்டி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சித்தி என்னைப் பார்த்துக் கையசைத்தார். தையில் தம்பி பிறந்தான், நல்ல எடையோடு. அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

இத்தனை வருடமும் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஓட்டை போடலம்மா என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அந்த மணையில் சித்தி உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தேன், பிள்ளை பெற்றேன், வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். எந்த வளைகாப்புக்குப் போனாலும் முதல் வளையல் ஏறும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எண்பதை நெருங்கிவிட்டாள். நான் குழுவில் எழுதிய வரியை அழித்த அன்று மாடியில் ஒரு பெயிண்ட் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அம்மா, அந்த நீல டின்னுல நான் ஓட்டையே போடலம்மா. சும்மா சத்தம் மட்டும் பண்ணுனேன்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்டித் தெரியும்?"

"கழிப்பு கழிச்ச மறுநாளு, நீ பள்ளிக்கூடம் போன பொறவு அவ வந்தா. முச்சந்தியில கெடந்த டின்ன எடுத்துக் கழுவி, முந்தானையில மறைச்சுக் கொண்டாந்தா. கவுத்துக் காட்டுனா. 'அக்கா, இதுல ஓட்டையே இல்லக்கா. தண்ணி நின்னு வேரு அழுவிப் போச்சு. என் கண்ணு இல்லக்கா'ன்னா."

என் கையிலிருந்த வாளி கீழே உருண்டது.

"அப்ப நீ தெரிஞ்சுமா அவங்கள..."

"கழிச்சுப் போட்டத எடுத்துக்கிட்டு வாசலுக்கே வந்துட்டாளேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சுடி. நான் டின்னப் பாக்கல. கழிச்ச கண்ணேறு மறுபடியும் வூட்டுக்குள்ள வந்துடுமோன்னு வயித்தத்தான் பாத்தேன். 'அதுக்கு என்னா இப்ப? மொதல்ல அத எடுத்துக்கிட்டுப் போ'ன்னுட்டேன்."

பக்கத்து மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

"போவையில என்னா சொன்னா தெரியுமா? 'புள்ளைய அடிச்சிடாதீங்கக்கா, டின்னு மேல ஆசப்பட்டிருக்கும்'னா. அதான் உன்ன நான் ஒண்ணும் கேக்கல."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என்மேலா, அம்மாமேலா, அந்த முச்சந்திமேலா என்று தெரியவில்லை. நான் சொல்லாததால்தான் எல்லாம் போயிற்று என்று நாற்பத்தெட்டு வருடம் சுமந்தேன். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவரே, கையில் சாட்சியோடு வந்து சொல்லியிருக்கிறார். அதுவும் பலிக்கவில்லை. உண்மை தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தது என் பத்து வயதுப் புத்தி. அறுபதை நெருங்கும் வரைக்கும் அதே புத்தியோடுதான் இருந்திருக்கிறேன்.

"தம்பிதான் நல்லபடியா பொறந்துட்டானேம்மா. அப்பவாவது போய்க் கூப்புட்டிருக்கலாம்ல?"

"பயம் அவன் பொறந்த அன்னிக்கே போயிடுச்சு. வெக்கந்தான் போவல" என்றாள் அம்மா. "இன்னிக்குப் போவலாம், நாளைக்குப் போவலாம்னு இருந்தேன். இன்னும் அப்படித்தான் இருக்கேன்."

அன்று மாலை அவள் தன் பீரோவைத் திறந்து என்னவோ தேடிக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் எதிரே உட்கார்ந்தாள். வெளியே போவதென்றால் உடுத்தும் அந்தப் பாசிப்பச்சைப் புடவை மடியில் இருந்தது.

"திருமானூருக்கு இங்கேர்ந்து நேர் பஸ்ஸு இருக்கா, இல்ல அரியலூர்ல எறங்கி மாறணுமா?"

சித்தி உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மாற வேண்டியிருக்கும் என்றேன். காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு அம்மா தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்துவிட்டாள்.